கொடைக்கானல்: கால்நடையாகக் கற்ற வரலாறு

ஓர் ஊரின் வரலாற்றைக் கற்பதற்கு நூல்கள் வேண்டும், கல்வெட்டுகள் வேண்டும், முதியோர் வாய்மொழியும் வேண்டும். மலையூராயின் இம்மூன்றுடன் நான்காவதாக ஒன்றும் வேண்டும். அஃது அவ்வூர்க்கு ஏறிச்செல்லும் பழைய பாதை. சமவெளியிலுள்ள ஊர் எத்திசையினின்றும் மக்களையும் பொருளையும் எளிதில் ஏற்கும். மலைமேலுள்ள ஊரோ அங்ஙனமன்று. அங்குள்ளார் உண்ணும் அரிசி, உடுக்கும் துணி, சுவரெழுப்பும் சுண்ணாம்பு, சாளரத்துக் கண்ணாடி ஆகிய யாவும் ஒரு காலத்தில் குறுகிய தடமொன்றின் வழியே, ஓர் ஆளின் தலையிலோ ஒரு விலங்கின் முதுகிலோ ஏறிச் சென்றவையே. ஆதலின் அத்தடத்தை அறியாதார் அவ்வூரை முழுதும் அறிந்தவராகார் என்பது எம் கருத்து. இக்கருத்தைக் கொடைக்கானலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கொடைக்கானலைக் கண்டறியாத மாணவர் நம் கல்லூரியில் அரியர். எனினும் கண்டவருள் பெரும்பாலோர் கண்டவை ஏரியும், பூங்காவும், தூண்பாறையும், சாக்லேட் விற்கும் கடைகளுமேயாம். வத்தலக்குண்டிலிருந்து மோட்டார் வண்டியில் ஏறி, வளைவுகளில் தலைசுற்றி, மேலே சென்று குளிரில் நடுங்கி, இரண்டு நாளில் இறங்கி விடுகின்றோம். அங்ஙனம் செல்வதில் இழுக்கொன்றுமில்லை. ஆயின் அங்ஙனம் செல்வார்க்கு அவ்வூர் கூறாமல் மறைப்பவை பல.

மலையின் இருப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்குநோக்கி நீண்டு கிடக்கும் கிளையே பழனிமலைத் தொடர். அதன் உயர்ந்த மேட்டுநிலத்தின் தென்விளிம்பை அடுத்து, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் கொடைக்கானல் அமைந்துள்ளது. தென்புறத்தில் மலை செங்குத்தாக இறங்கிப் பெரியகுளத்துச் சமவெளியில் முடிகின்றது. வடபுறத்தில் படிப்படியாகத் தாழ்ந்து பழனியைச் சென்று சேர்கின்றது.

சங்கநூல் பயின்றார்க்கு இம்மலை புதியதன்று. பண்டையோர் பொதினி என வழங்கியது பழனியையே என்பர் அறிஞர். மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் இம்மலைநாட்டை ஆண்ட ஆவியர் குடியினன்; கடையெழு வள்ளல்களுள் ஒருவன். திருமுருகாற்றுப்படை கூறும் ஆவினன்குடி இதன் அடிவாரத்தது. இங்ஙனம் நம் இலக்கியத்தில் ஈராயிரம் ஆண்டுகளாக இடம்பெற்றதொரு மலையைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வெள்ளையர் ‘கண்டுபிடித்தனர்’ என்று சுற்றுலாக் குறிப்புகள் சில எழுதுகின்றன. கண்டுபிடித்தல் என்னும் சொல்லை எவர் பக்கத்தில் நின்று வழங்குகின்றோம் என்பதைச் சிறிது எண்ணுதல் நன்று.

பெயர்கள் கூறுவன

நூலில் ஏறாத வரலாறு பெயர்களில் தங்கும். கொடைக்கானல் என்னும் பெயரின் முற்பகுதியைக் கொடி என்பர் சிலர்; கோடை என்பர் சிலர்; கொடை என்றே கொள்வர் பிறர். பிற்பகுதியாகிய ‘கானல்’ தமிழ் மாணவர்க்கு அதனினும் சுவையுடைய சொல். சங்கச் செய்யுட்களில் கானல் என்பது கடற்கரைச் சோலை, நெய்தற்குரியது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியை அறியாதார் யார்? அக்கடற்கரைச் சொல் 7,000 அடி உயரத்தில் வந்து நிற்பது எங்ஙனம்? கொடைக்கானலை அடுத்து வட்டக்கானல் என்னும் சிற்றூர் உளது. மேற்கே மூணாற்றின் பக்கத்தில் சின்னக்கானல் உளது. ஆகவே இம்மலைவாழ்நர் வழக்கில் கானல் என்பது காட்டைக் குறித்தது என்பது பெறப்படும். கான், கானம், கானகம் என்னும் சொற்களோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. கடலோரத்து மரச்செறிவைக் குறித்த சொல்லே மலைமுகட்டு மரச்செறிவையும் குறித்தது.

சோலை என்னும் சொல்லும் அத்தகையதே. மலையிடுக்குகளில், ஓடைகளை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து ஞாயிற்றின் ஒளி தரையில் விழாதவாறு மூடி நிற்கும் காட்டை மலைவாழ்நர் சோலை என்றனர். அச்சொல்லை ஆங்கிலேயர் ‘ஷோலா’ என எழுதிக்கொண்டனர். இன்று உலகத்து மரநூலார் யாவரும் அதனையே வழங்குகின்றனர். செண்பக மரத்தால் பெயர்பெற்றது செண்பகனூர்.

மேல்மலையில் நெடுங்காலமாக உழுதுண்டு வாழும் வேளாண் மக்கள் குன்னுவர் எனப்படுவர். கன்று கன்னு என்றும், குன்று குன்னு என்றும் பேச்சில் திரிதல் நாம் அறிந்ததே. ஆதலின் குன்றவரே குன்னுவர் ஆயினர் எனக் கொள்வதற்குத் தடையில்லை. கொங்குநாட்டிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் மலையேறி வந்ததாக அவர்கள் கூறுவர். அவர்க்கும் முந்தியோர் பளியர். தேனும் கிழங்கும் தேடிக் காட்டிலே வாழ்ந்த அம்மக்கள் இம்மலையின் தொல்குடியினர்.

இனி வெள்ளகெவி என்னும் ஊர்ப்பெயரைக் காண்போம். கொடைக்கானலுக்குத் தெற்கே, மலைச்சரிவின் நடுவில் அமைந்த ஊர் அது. கெவி என்பது குகையையும் ஆழ்ந்த பள்ளத்தையும் குறிக்கும். கிறித்தவ மாணவர்க்கு இச்சொல் ஓரளவு கேட்ட சொல்லே. தாவீது சவுலுக்குத் தப்பி ஒளிந்த அதுல்லாம் என்னும் இடத்தைத் தமிழ் வேதாகமம் கெபி என்றே கூறுகின்றது. கோயிலில் வாசிக்கக் கேட்டுப் பொருள் முழுதும் விளங்காமல் விட்ட ஒரு சொல், மலைச்சரிவில் ஊர்ப்பெயராக உயிரோடு இருத்தல் எமக்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

1845-ஆம் ஆண்டும் அதற்கு முன்னும்

1821-ஆம் ஆண்டில் வார்டு என்னும் படைத்துறை அளவையாளர் பழனிமலையை அளக்க வந்தார். அவர் வெள்ளகெவியில் தங்கி, அங்கிருந்தே மேல்மலைக்கு ஏறினார். அவர் வந்தபோது மலையில் ஊர்கள் இருந்தன, படிவயல்கள் இருந்தன, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும் தடங்களும் இருந்தன. தடமின்றி அவர் ஏறியிருத்தல் இயலாது. வழிகாட்டினோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

1834-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தினின்று வந்து மதுரையில் தம் தொண்டினைத் தொடங்கினர். வாந்திபேதியும் காய்ச்சலும் அவர்களையும் அவர்தம் குழந்தைகளையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு சென்றன. குளிர்ந்த இடம் தேடி முதலில் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைக்குச் சென்றனர். காய்ச்சல் அங்கும் அவர்களை விடவில்லை. பின்னரே அதனினும் உயர்ந்த பழனிமலையை நாடினர். 1845-ஆம் ஆண்டில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரண்டு மனைகள் எழுந்தன. அவற்றின் பின்னிருந்த குன்றுக்கு அவர்கள் நேபோ என்று பெயரிட்டனர். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவில் நின்று கண்ட மலையின் பெயர் அது. பிள்ளைகளைப் புதைத்துவிட்டு ஏறி வந்தோர் அப்பெயரைத் தேர்ந்தது வியப்பன்று.

அதன்பின் ஊர் விரைந்து வளர்ந்தது. மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில், ஓடைகள் கூடிச் சேறாய்க் கிடந்த பள்ளத்திற்குக் கரை கட்டி, விண்மீன் வடிவான ஏரியை உண்டாக்கினார். அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். 1872-ஆம் ஆண்டில் கோக்கர் என்னும் அலுவலர் தென்சரிவின் விளிம்பில் நடைபாதை வகுத்தார். 1895-ஆம் ஆண்டில் இயேசுசபைக் குருமார் செண்பகனூரில் தம் கல்லூரியை நிறுவினர். 1899-ஆம் ஆண்டில் நகராட்சி ஏற்பட்டது. ஞாயிற்றை ஆராயும் வானாய்வு நிலையமும் அவ்வாண்டே ஏற்பட்டது. 1901-ஆம் ஆண்டில் மிஷனரிமார் பிள்ளைகளுக்கெனப் பள்ளியொன்று தோன்றியது. பிரையண்டு பூங்கா 1908-ஆம் ஆண்டினது.

இவ்வாண்டுகளை ஒருமுறை திரும்ப நோக்குக. மேஜர் லா என்பார் வத்தலக்குண்டின் பக்கமாக 1870-களில் வகுத்த மலைவழி, மோட்டார் செல்லத்தக்க பாதையாக முற்றுப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டிலேயே. எனவே ஏரியும், நடைபாதையும், கல்லூரியும், நகராட்சியும், ஆய்வு நிலையமும், பள்ளியும், பூங்காவும் ஆகிய அனைத்தும் மோட்டார்ப் பாதைக்கு முந்தியவை! இவற்றை மேலே கொண்டு சேர்த்தவர் யாவர்?

சுமந்தோர்

1875-ஆம் ஆண்டில் தென்னிந்திய இருப்புப்பாதை மதுரையை எட்டியது. மலைக்குச் செல்வோர் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். அந்நிலையமே இன்று கொடைக்கானல் ரோடு எனப்படுவது. அங்கிருந்து மாட்டுவண்டியில் இரவெல்லாம் சென்று, பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைந்தனர். தோப்பிலிருந்து மேலே வண்டி செல்லாது. கால் வலியுடையோர் நடந்தனர். பொருளுடையோர் மட்டக்குதிரை ஏறினர். பெண்டிரும் குழந்தைகளும் நோயுற்றோரும் தண்டு கோத்த நாற்காலியில் அமர, ஆட்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து ஏறினர். அப்பாதைக்கு அக்காலத்தார் இட்ட பெயரே ‘கூலி காட்’ என்பதாம். கூலியாட்களின் கணவாய் என்று அதற்குப் பொருள். அவர்களைப் பற்றி ஊர் வரலாற்றில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் அவ்வொரு பெயரே.

கலெக்டர் பெயர் ஏரிக்கரையில் உளது. அலுவலர் பெயர் நடைபாதைக்கு ஆயிற்று. பொறியாளர் பெயர் மலைவழிக்கு ஆயிற்று. மிஷனரிமார் பெயர்கள் கல்லறைக் கற்களில் உள. இப்பெரியோர் செய்தவற்றைக் குறைத்துக் கூறுதல் எம் நோக்கமன்று. லெவிஞ்சு தம் கைப்பொருளைச் செலவிட்டே ஏரி அமைத்தார் என்பர். மிஷனரிமார் நிறுவிய கல்விக்கூடங்களின் நிழலிலேயே நம் போன்றோர் கல்வி கற்கின்றோம். எனினும் அந்நிழலில் இருப்போராகிய நமக்கே ஒரு கடமை உண்டு. நம் முன்னோடிகளைத் தோளில் தாங்கி மேலே சேர்த்தவர்களும் நம் வரலாற்றினரே. அவர்களை விடுத்து 1845-ஆம் ஆண்டைக் கூறுவது பாதி வரலாறே.

வெள்ளகெவி வழி

இக்கருத்தை நூலில் எழுதுவதன்முன் காலால் அறிந்துகொள்ள விரும்பி, சென்ற மாசித் திங்களில் யாம் அறுவேம் கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி வழியே கொடைக்கானலுக்கு ஏறினோம். கூலியாட்கள் மிகுதியும் சென்ற தோப்புப் பாதை வேறு, இது வேறு. ஆயினும் இஃது அதனினும் பழைமையானதாகக் கருதப்படுவது. ஊரார் இன்றும் ஏறி இறங்குவது. ஆதலின் இதனைத் தேர்ந்தோம்.

கும்பக்கரை, பெரியகுளத்தை அடுத்து மலையடியில் உள்ள அருவி. அங்கே மாந்தோப்புகள் முடியப் பாதை தொடங்குகின்றது. முதற் பகுதி வறண்ட காடு. மரங்கள் உயர்ந்தனவல்ல; நிழல் அரிது; பாறை சுடும். விடியுமுன் புறப்படுதல் ஏன் என்பது ஒரு நாழிகையில் விளங்கிற்று. மேலே செல்லச்செல்லக் காற்று மாறிற்று, மரமும் மாறிற்று. காப்பிச் செடிகளும் எலுமிச்சை, நாரத்தை மரங்களும் தோன்றிய இடத்தில் நாய் குரைக்கும் ஒலி கேட்டது. அதுவே வெள்ளகெவி.

குறுகிய தெருக்களும் நெருங்கிய வீடுகளும் பல கோயில்களும் உடைய ஊர் அது. ஊரெல்லைக்குள் எவரும் காலணி அணிவதில்லை. ஊரே கோயில் என்பது அவர் கொள்கை. யாமும் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். ஓரேபில் மோசேக்குச் சொல்லப்பட்டதும் அதுவேயன்றோ என்று எம்முள் ஒருவர் மெல்லக் கூறினார். காலில் முள் தைத்திருந்த மற்றொருவர் மறுமொழி கூறவில்லை.

திண்ணையில் இருந்த முதியவர் ஒருவர் எமக்கு நீரும் கடுங்காப்பியும் கொடுத்தார். பழைய நாளில் இவ்வழியே சுமை தூக்கியோரைப் பற்றி அவரிடம் வினவினோம். தம் பாட்டனார் துரைமார் சுமை தூக்கியவர் என்றார். அவர்கள் பெயரெல்லாம் எங்கேனும் எழுதி வைக்கப்பட்டுள்ளதா என்று கேட்டோம்.

“சுமை தூக்குனவன் பேரை யாரு தம்பி எழுதுவா? மேஸ்திரி பேரைத்தான் எழுதுவாங்க. இத்தனை ஆளுன்னு கணக்கு மட்டும் இருக்கும்,” என்றார்.

அவரே பின்னும் கூறியது எம்மைச் சிந்திக்கச் செய்தது. இவ்வூர்க்கு வண்டிப்பாதை வேண்டுமென்று ஊரார் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளனர். அரிசியும் பருப்பும் குதிரைமேல் வரும். விளைந்த காப்பியும் பழமும் குதிரைமேலும் தலைமேலும் போகும். நோயுற்றோரையும் பேறுகாலத்துப் பெண்களையும் கம்பில் கட்டிய டோலியில் வைத்து ஆட்கள் சுமந்தே மருத்துவமனை சேர்க்க வேண்டும். “ராத்திரியில மழை பேஞ்சா என்ன செய்யுறது, நீங்களே சொல்லுங்க,” என்றார். எம்மால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

பழைய பாதையின் அழகைப் புகழ்தல் எமக்கு எளிது. ஆண்டுக்கொரு முறை முதுகில் ஒரு சிறு பையோடு ஏறுவோம் யாம். நோயாளியோடு இருளில் இறங்குவார்க்கு அஃது அழகன்று. பாதை பாதையாகவே இருத்தல் வேண்டும் என்று நகரத்தார் விழைவது, பிறர் தோள்வலியின்மேல் தாம் இன்பம் காண்பதாகும். 1845-ஆம் ஆண்டினர் செய்ததை இருபத்தோராம் நூற்றாண்டில் வேறு வகையாகச் செய்வதும் ஆகும்.

நண்பகலுக்குப்பின் மீண்டும் ஏறினோம். இப்பகுதியே கடினமானது. வேர்களே படிகளாயின. பிற்பகலில் மூடுபனி கீழிருந்து எழுந்து எம்மைக் கடந்து மேலே சென்றது. பாதை ஏறி முடியுமிடத்தில் ‘டால்பின் மூக்கு’ எனப்படும் பாறை பள்ளத்தின்மேல் நீண்டு நிற்கின்றது. அதன்மேல் நின்று எட்டிப் பார்த்துப் படம் எடுப்போர் பலரைக் கண்டோம். அப்பள்ளத்திற்குள்ளே ஓர் ஊர் இருப்பதை அவர்களுள் பலர் அறிந்திலர். வட்டக்கானலை அடைந்தபோது பொழுது சாய்ந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் அடி ஏறியிருந்தோம். எம் முதுகில் இருந்தவை சோற்றுப் பொட்டலமும் கம்பளியும் மட்டுமே. இரும்பையும் கண்ணாடியையும் சுமந்து ஏறியோரை அப்போது நினைத்தோம்.

இவ்வழி ஏற விரும்புவார்க்குச் சில கூறுதல் கடன். வனத்துறையினரின் இசைவு பெற்றே செல்க. உள்ளூரார் ஒருவரைத் துணைக்கொள்க. அவர்க்குரிய ஊதியத்தை முன்னரே பேசிக் கொடுக்க. ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் வடகிழக்குப் பருவமழை இம்மலையில் மிகும், ஓடைகள் திடீரெனப் பெருகும், அக்காலத்தில் ஏறற்க. ஈரநாட்களில் அட்டை கடிக்கும். காட்டுமாடு எதிர்ப்படின் ஒலியெழுப்பாது ஒதுங்கி நிற்க. தை, மாசி மாதங்கள் ஏற்றவை. ஊருக்குள் காலணி கழற்றுக.

ஞாயிற்றை நோக்கும் நிலையம்

மேலேறிய மறுநாள் வானாய்வு நிலையத்திற்குச் சென்றோம். சென்னையிலிருந்த பழைய வானாய்வு நிலையத்தின் பணி 1899-ஆம் ஆண்டில் இங்கு மாற்றப்பட்டது. 1870-களின் பெரும்பஞ்சத்திற்குப்பின், ஞாயிற்றின் மாறுதல்களுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என்று ஆராயும் வேட்கை அறிவியலாரிடையே எழுந்திருந்தது. மூடுதூசற்ற உயர்ந்த இடம் தேடியவர்கள் இக்குன்றைத் தேர்ந்தனர். 1909-ஆம் ஆண்டில் எவர்ஷெட்டு என்னும் அறிஞர், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளி நடுவிலிருந்து புறநோக்கிப் பாய்வதை இங்கிருந்தே கண்டறிந்தார். இன்றும் அந்நிகழ்ச்சி அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. ஞாயிற்றின் ஒளிப்படங்கள் இங்கு 1904-ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து எடுக்கப்பட்டு வந்துள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இத்தொடர் உலகில் மிக அரிய செல்வம்.

தொடக்கத்தில் அமைந்த கருவிகள் யாவும் மோட்டார்ப் பாதைக்கு முந்திய காலத்தில் ஏறியவை என்பதை இங்கும் நினைவுகூர்க. எவர்ஷெட்டின் கண் ஞாயிற்றைக் காண்பதற்குமுன், தொலைநோக்கியின் வில்லை உடையாதவாறு அதனை மேலேற்றிய கைகள் பல இருந்தன.

கல்லும் மலரும்

இவ்வூரின் வரலாறு இன்னும் பின்னோக்கிச் செல்லும். தாண்டிக்குடி, பெருமாள்மலை முதலிய பக்கங்களில் பெரும்பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக இட்ட கல்திட்டைகள் உள. பெருங்கற்காலத்தார் இறந்தோர்க்கு அமைத்தவை இவை. இவற்றின் உண்மை அறியாத பிற்காலத்தார் குள்ளர் வாழ்ந்த வீடுகள் என்று கருதினர். ஆங்லாத், நியூட்டன் என்னும் இயேசுசபைக் குருமார் இருவர் இவற்றைத் தேடி அலைந்து அளந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்பொருள் துறையார் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நடந்து தேடியதனாலன்றோ அவர்க்கு அவை கிட்டின!

ஊருக்கு வடபுறம் குறிஞ்சியாண்டவர் கோயில் உளது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியாரும் ஆஸ்திரேலிய நாட்டிற் பிறந்தவருமாகிய லீலாவதி அம்மையார் 1936-ஆம் ஆண்டில் அதனை எடுப்பித்தார். முதல் மனைகளை எழுப்பிய மிஷனரிமாரும் யாழ்ப்பாணத்தினின்று வந்தோர்; இக்கோயிலை எடுப்பித்தவரும் ஈழத்தினின்று வந்தோர். இம்மலையூர் கடல்கடந்த தமிழ்நிலத்துக்கு இருமுறை கடன்பட்டுள்ளது.

கோயிலின் பெயருக்கு உரிய மலரோ பன்னீராண்டுக்கு ஒருமுறை மலர்வது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலர்ந்தது. அடுத்து மலர வேண்டிய ஆண்டு 2030. குறிஞ்சிச் செடி வளர்வது சோலைகளுக்கிடையே விரிந்த புல்வெளிகளில். அப்புல்வெளிகள் வெற்றிடம் என்று கருதப்பட்டமையால், தோல் பதனிடுவதற்காகச் சீகை எனப்படும் வாட்டில் மரமும், விறகுக்கும் ஆலைகளுக்குமாக யூகலிப்டசும் பைனும் அவற்றில் நடப்பட்டன. மழைநீரை உள்வாங்கிச் சிறிதுசிறிதாக ஓடைக்கு விடுப்பது புல்வெளியும் சோலையும் சேர்ந்து ஆற்றும் பணி. புல்வெளியின் பெரும்பகுதி மறைந்தபின்னரே அப்பணியின் அருமை உணரப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் மலையின் பெரும்பகுதி வனவிலங்கு உறைவிடமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியுள்ள புல்வெளியைக் காக்கவும், இழந்ததை மீட்கவும் சிலர் முயன்று வருகின்றனர். குறிஞ்சித்திணையை மனப்பாடம் செய்யும் நாம் குறிஞ்சி நிற்க இடமுண்டோ என்று கேளாதிருத்தல் முறையோ?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவது யாது? கொடைக்கானல் 1845-ஆம் ஆண்டில் தோன்றிய ஊர் என்பது கட்டடங்களை மட்டும் எண்ணுவார் கூற்று. பெயர்களை ஆராய்வார்க்கும், கற்களைத் தேடுவார்க்கும், பாதையில் நடப்பார்க்கும் அதன் வயது மிகப் பெரிது. அதனை ஆக்கியோர் தொகையும் மிகப் பெரிது.

வெள்ளகெவிக்கு வண்டிப்பாதை வருதல் வேண்டும் என்றே யாம் விரும்புகின்றோம். அது வந்தபின் பழைய தடத்தை இலந்தையும் உண்ணியும் சில ஆண்டுகளில் மூடிவிடும். சுமை இறக்கி இளைப்பாறிய பாறைக்கு இருந்த பெயர், நீர் குடித்த ஓடைக்கு இருந்த பெயர், பாட்டனார் சொன்ன கதை ஆகியவை அத்தடத்தோடு மறையும். தடத்தைக் காப்பது நம் கையில் இல்லாமற் போகலாம். அப்பெயர்களை எழுதி வைப்பது நம் கையில் உளது. தமிழ் மாணவர்க்கு அதனினும் சிறந்த வயல்வேலை யாது? வெள்ளகெவியில் ஒருநாட் பொழுதில் பதினேழு பெயர்களை எழுதிக்கொண்டோம். அவற்றை நம் கல்லூரித் தமிழ்ச் சங்கத்தில் ஒப்படைத்துள்ளோம். கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஏறிய பாதை இன்னும் எவராலும் அங்ஙனம் எழுதப்படாமல் காத்திருக்கின்றது. வரும் மாசியில் அதற்குச் செல்ல விழையும் மாணவ நண்பர்கள் தமிழ்ச் சங்கத்தில் பெயர் தருக. கையில் ஏடும் எழுதுகோலும் கொணர்க. சுமை தூக்கியோரின் பேரர்களிடம் அவர்தம் பாட்டன்மார் பெயரை முதலில் கேட்டு எழுதுவோம்.